ராப்டர் 700: முன் ஷாக்கை மாற்றுவதா, ஏ-ஆர்மை மாற்றுவதா?

துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில், அல் பதாயர் மணல்மேட்டுப் பக்கம் ஒரு குளிர்கால விடுமுறை நாளில் போய் நின்று பாருங்கள். பிக்கப்பிலிருந்தும் டிரெய்லரிலிருந்தும் இறங்குகிற ஸ்போர்ட் குவாடுகளில், அதாவது நாலு சக்கர பைக்குகளில், யமஹா ராப்டர் 700 தான் கண்ணில் அதிகம் படும். நம் ஆட்கள் இங்கே செகண்ட் ஹேண்டில் தேடுவதும் பெரும்பாலும் அதைத்தான். அதன் 686 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. குறையெல்லாம் முன்பக்கத்தைப் பற்றித்தான். மேட்டிலிருந்து இறங்கினால் டமாலென்று அடிவாங்குகிறது, சரிவில் குறுக்கே போனால் கவிழ்த்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு விட்டுப்போகிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் ஷாக்கை (அதிர்வை வாங்கும் ஷாக் அப்சார்பரை) மாற்று என்பார், இன்னொருவர் நீளமான ஏ-ஆர்ம் (ஃபிரேமையும் சக்கரத்தையும் இணைக்கும் கை) போடு என்பார், மூன்றாமவர் இரண்டு ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் துண்டு) போதும் என்று முடித்துவிடுவார். எல்லாரும் வேறு வேறு நோய்க்கு மருந்து சொல்கிறார்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சக்கரம் எப்படி ஏறி இறங்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஏ-ஆர்மும் ஸ்பேசரும் சக்கரம் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இறங்கும்போது அடிவாங்குகிற வண்டிக்கு அகலத்தைக் கூட்டினால் அடி நிற்காது. சரிவில் ஆடுகிற வண்டிக்கு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் அது குறுகலான வண்டிதான்.

ஒப்பிட வசதியாக ஒரு கணக்கு. ராப்டர் 700-இன் முன்சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 9.1 அங்குலம், மொத்த அகலம் சுமார் 46 அங்குலம். மோட்டோகிராஸை மனதில் வைத்து யமஹாவே செய்த ஒய்எஃப்இசட்450ஆர் 9.8 அங்குலமும் சுமார் 49 அங்குலமும் கொண்டது. ஆக ராப்டர் பிறவியிலேயே கொஞ்சம் குறுகல், கொஞ்சம் மென்மை. அது ஊர் சுற்றுவதற்காகச் செய்த வண்டி. பந்தய வண்டியாக இல்லையே என்று அதைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதா 700-க்கும் 700ஆர்-க்கும் முன் ஷாக்கில்தான் பெரிய வித்தியாசம். சாதா மாடலில் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, ஐந்து படியில் மாற்றலாம், அவ்வளவுதான். அண்மைய ஆண்டுகளின் ஆர் மாடலில் ஷாக்கோடு ஒட்டிய தனி ரிசர்வாயர் (எண்ணெயும் வாயுவும் இருக்கும் சிறு குப்பி) உண்டு. கம்ப்ரஷனை (ஷாக் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பை) வேகமான அடிக்கும் மெதுவான அடிக்கும் தனித்தனியாக வைக்கலாம், ரீபவுண்டை (அது திரும்பி விரியும்போது காட்டும் எதிர்ப்பை) வைக்கலாம், பிரீலோடை மரையில் திருகி வேண்டிய அளவுக்கு நிறுத்தலாம். உங்களிடம் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து கீழே வரும் கணக்கே மாறும்.

பர்ஸைத் திறக்கும் முன்

செகண்ட் ஹேண்ட் ராப்டரில் முன்பக்கக் குறை என்று சொல்லப்படுவதில் பாதி, தேய்மானமும் தப்பான செட்டிங்கும்தான். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் ஏ-ஆர்ம் நுனியில் இருக்கும் பால் ஜாயின்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. ஏ-ஆர்ம் ஃபிரேமில் சேருகிற இடத்தில் ஆட்டம் இருந்தால் அது புஷ், அதாவது அந்த மூட்டின் உள்ளுறை. மணல் தின்று தீர்ப்பது முதலில் இவற்றைத்தான். தேய்ந்த புஷ்ஷின் மேல் எந்த ஷாக்கைப் போட்டாலும் பணம் மணலில்தான் போகும். டயர் காற்றையும் பாருங்கள். கம்பெனி சொல்வது சுமார் 4 பிஎஸ்ஐ. கார் டயர் மாதிரி கல்லாக ஏற்றி வைத்துக்கொண்டு ஷாக் சரியில்லை என்பவர்கள் இங்கே நிறைய.

அடுத்தது சாக். அதாவது, ஓட்டுகிறவர் ஏறியதும் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்பது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, வீல் நடுவிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு புள்ளி வரை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி, எப்போதும் ஓட்டுகிற நிலையில் நில்லுங்கள். வேறொருவர் அதே இரண்டு புள்ளிகளை அளக்கட்டும். இரண்டுக்குமான வித்தியாசம், சக்கரம் போகக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்பது பொதுவான வழக்கம். ராப்டருக்கு அது 75 மி.மீ. சுற்றி வரும்.

110 மி.மீ. அமுங்குகிறது என்றால் பிரீலோட் வளையத்தை இறுக்குங்கள், சாதா மாடலில் படியை ஏற்றுங்கள். இறுக்கும் முன் மரையில் ஒட்டியிருக்கும் மணலை பிரஷ்ஷால் தட்டிவிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அலுமினிய மரை அரைபட்டு, வளையம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற மரையை ஸ்கேல் வைத்து அளந்து சமமாக நிறுத்துங்கள்.

பல மரை இறுக்கித்தான் 75 வருகிறது என்றால் அங்கே ஒரு சேதி இருக்கிறது. ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதவில்லை. பிரீலோட் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவதில்லை, முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அப்படி வைத்த வண்டி சின்னப் பள்ளத்தில் சக்கரத்தை முழுசாகக் கீழே விட்டு டக்கென்று முட்டும், பெரிய அடியில் வழக்கம்போல் அடியோடு உட்காரும்.

இருக்கிற ஷாக்கையே திறந்து சரிசெய்வது

700ஆர் வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஷாக் எண்ணெயும் எஞ்சின் ஆயில் மாதிரி கெடுகிற பொருள்தான். மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓடிய ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் குறைந்திருக்கும், எண்ணெய் நீர்த்திருக்கும். காலையில் நன்றாக இருந்து, அரை மணி நேரம் வேகமாக ஓட்டியதும் தளர்ந்துவிடுகிறது என்றால் காரணம் அதுதான்.

எப்படியும் ஷாக்கைத் திறக்கும்போது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துகொள்ளலாம். ஒன்று, உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங். இரண்டாவது, வால்விங். உள்ளே பிஸ்டனின் மேலும் கீழும் பத்தில் ஒரு மி.மீ. கணக்கில் தடிமனுள்ள எஃகுத் தகடு வளையங்கள் அடுக்கியிருக்கும். எண்ணெய் அந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் வெளியேறவேண்டும். அடுக்கின் தடிமனையும் விட்டத்தையும் மாற்றினால் ஷாக்கின் குணமே மாறும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிவிட்டு ரீபவுண்ட் அடுக்கை அப்படியே விட்டால், அமுங்கிய ஸ்பிரிங் சட்டென்று திருப்பி உதைக்கும். வெளியே இருக்கும் கிளிக்கர் (திருப்பிச் சரிசெய்யும் திருகு) ஓரளவுக்குத்தான் அதைத் தாங்கும். அதனால் இரண்டையும் ஒரே கையில், ஒரே நேரத்தில் செய்வது நல்லது.

கிளிக்கர் பற்றிப் பேசும்போது ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். லோ ஸ்பீட், ஹை ஸ்பீட் என்பது வண்டியின் வேகம் அல்ல, ஷாக் தண்டு உள்ளே போகிற வேகம். மணல்மேட்டின் முகட்டில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு மெதுவாகத் தாழ்வது லோ ஸ்பீட். மெதுவாகப் போகும்போதே ஒட்டகப்புல் புதரில் சக்கரம் மோதினால் அது ஹை ஸ்பீட். மணிக்கட்டு வலிக்கிறது என்பவர் முதலில் திறந்து விடவேண்டியது ஹை ஸ்பீட் கம்ப்ரஷனை. பலர் இதற்கு நேர்மாறாக எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருப்பார்கள்.

இந்த வழியில் அகலம் ஒரு மி.மீ.கூட ஏறாது. ஆனால் செலவு புது ஷாக் ஜோடியில் ஒரு பங்குதான். நைட்ரஜன் நிரப்பும் வசதியும், தகடு அடுக்கு பற்றிய அறிவும் உள்ள ஒர்க்‌ஷாப் வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து ஷாக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சாதா 700 வைத்திருப்பவருக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். டாம்பிங்கை (கம்ப்ரஷன், ரீபவுண்ட் எதிர்ப்பை) மாற்ற ஒரு திருகுகூட இல்லாத ஷாக்கில் பணம் போடுவதைவிட, நல்ல நிலையில் உள்ள ஆர் மாடல் ஷாக் ஜோடியைத் தேடிப் பிடிப்பது மேல். வாங்கும் முன் உங்கள் வருட மாடலுக்கு அது பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஷாக், பழைய ஆர்ம்

கனடாவின் எல்கா, அமெரிக்காவின் ஃபாக்ஸ், ஸ்வீடனின் ஓலின்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். நல்ல ஜோடி ஆயிரம் டாலரை எளிதில் தாண்டும். இதில் கிடைக்கிற முக்கிய லாபம், ஆர்டர் கொடுக்கும்போதே உங்கள் எடை, ஓட்டுகிற நிலம், ஓட்டுகிற விதம் எல்லாம் கேட்டு ஸ்பிரிங்கும் வால்விங்கும் அமைத்து அனுப்புவார்கள் என்பது. எடையைச் சொல்லும்போது வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்து.

பெரும்பாலும் ஒரே ஷாக்கில் இரண்டு மூன்று ஸ்பிரிங்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருப்பார்கள். மெல்லியது முதலில் அமுங்கி சின்ன அதிர்வை வாங்கிக்கொள்ளும், ஒரு இடத்தில் அது தடுக்கப்பட்டதும் கெட்டியானது வேலைக்கு வரும். ராப்டரின் ஒற்றை ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டால் கை உணர்கிற முதல் வித்தியாசம் இதுதான்.

ஸ்பிரிங்கே இல்லாத காற்று ஷாக்கும் உண்டு. ஃபாக்ஸின் ஃப்ளோட் வகை அப்படிப்பட்டது. எடை குறைவு. எடை வேறுபட்ட இரண்டு பேர் ஒரே வண்டியை ஓட்டினால் ஸ்பிரிங் மாற்றவேண்டாம், பம்பில் நாலு அடி அடித்தால் போதும். அமுங்க அமுங்கத் தானாகவே இறுகுவதால் கடைசி அங்குலத்தில் அடிவாங்குவதும் குறைவு. ஆனால் பாலைவனத்தில் எனக்கு அதன் மேல் தயக்கம் உண்டு. காலை 15 டிகிரியில் 60 பிஎஸ்ஐ ஏற்றினீர்கள் என்று வையுங்கள். ஓட்ட ஓட்ட உள்ளே இருக்கும் காற்று 55 டிகிரியைத் தொட்டால், அழுத்தம் 70 ஆகிவிடும். இது பள்ளிக்கூட வாயு விதிக் கணக்குதான். காலையில் வைத்த சாக் மதியம் இருக்காது. அதோடு, காற்றைப் பிடித்து வைப்பது சீல்கள். அவற்றில் ஏறும் தூள் மணலை ஒவ்வொரு முறையும் துடைக்கிற பொறுமை வேண்டும். காட்டுப் பாதையில் ஓட்டுபவருக்கு ஃப்ளோட் நல்ல தேர்வு. வெயிலிலும் மணலிலும் ஓட்டுபவர் காயில் ஸ்பிரிங்கோடு இருந்துவிடலாம் என்பது என் கருத்து.

அகலம்

மலிவான வழி ஸ்பேசர். வீலுக்கும் அதை மாட்டும் ஹப்புக்கும் இடையே ஒரு அலுமினியத் துண்டு, வேலை முடிந்தது. சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்படி ஆஃப்செட் மாறிய ரிம் போடுவதும் இதே விளைவுதான். ஸ்பேசர் போட்டால் ஸ்பிரிங் இளகிவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள ராப்டரில் சக்கரம் கிட்டத்தட்ட நேராகவே ஏறி இறங்குவதால் அந்த விளைவு சொற்பம். நிஜமான தொல்லை வேறு. சக்கரம் திரும்புகிற அச்சுக்கும் டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கும் உள்ள தூரம் கூடிவிடுகிறது. அதனால் ஒரு பக்க டயர் எதிலாவது மோதினால் ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். வீல் பேரிங்கிலும் சுமை ஏறும். முன்பக்கத்துக்கு ஸ்பேசரை நான் சொல்லவே மாட்டேன்.

சரியான வழி நீள ஏ-ஆர்ம். சந்தையில் +2+1 என்று எழுதியிருப்பார்கள். பக்கத்துக்கு 2 அங்குலம் வெளியே, 1 அங்குலம் முன்னே என்று அர்த்தம். 46 அங்குல ராப்டர் 50 ஆகிவிடும். இந்த 50-க்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில் ஏடிவிகளுக்கான (குவாட் போன்ற வண்டிகளுக்கான) பல காட்டுப் பாதைகளில் அகல வரம்பு 50 அங்குலம், மோட்டோகிராஸ் குவாடுகளும் அதே அளவில்தான் ஓடுகின்றன. பாலைவனத்தில் அப்படி எந்த வேலியும் இல்லை, +3 போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆனால் டிரெய்லரில் இரண்டு வண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றுபவர் முதலில் டிரெய்லரை அளந்துவிடுங்கள்.

எவ்வளவு லாபம்? முன்டயரின் அகலம் 7 அங்குலம். இரு டயர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு இப்போது 39, ஆர்ம் மாற்றியபின் 43. முன்பக்கம் பத்து சதவீதம் அகலம். சரிவில் குறுக்கே போகும்போது இது நன்றாகவே தெரியும். ஆனால் வண்டி கவிழ்வது முன்பக்கத்தை மட்டும் பொறுத்ததல்ல, பின் ஆக்ஸிலின் அகலமும் அதே அளவு முக்கியம். முன்னே தள்ளிய அந்த 1 அங்குலம், செங்குத்தாக ஏறும்போது பின்பக்கம் புரண்டு விழும் பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். பதிலுக்கு வண்டி வளைவில் அகலமாகச் சுற்றும்.

இனிதான் பலர் மாட்டிக்கொள்கிற இடம். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே நடக்கிறது. ஷாக் அதே இடத்தில் இருக்க, சக்கரம் தள்ளிப் போய்விடுகிறது. கணக்குக்காக ஆர்மின் நீளம் 38 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், அதில் 5 செ.மீ. கூடுகிறது. 38-ஐ 43-ஆல் வகுத்தால் 0.88. சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் பலம் இதன் வர்க்கத்தில் குறையும், அதாவது 0.78. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் போய்விட்டது. பழைய நிலைக்கு வர ஸ்பிரிங் 28 சதவீதம் கெட்டியாக வேண்டும், டாம்பிங்கும் கூடவே ஏறவேண்டும்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "ஆர்ம் மட்டும் மாட்டச் சொல்றீங்க, சரிண்ணே. அப்புறம் மூக்கு தரையில இடிக்குதுன்னு என்கிட்டதான் வருவீங்க."

ஆகவே நீள ஆர்ம் வாங்குவது என்றாலே ஷாக் செலவும் சேர்ந்துதான். ஆர்ம் மட்டும் வாங்கிவிட்டு ஷாக்கை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பது எல்லாத் தேர்விலும் மோசமானது. மாற்றிச் செய்யலாம். ஷாக்கை முதலில் வாங்கி, ஆர்ம் பின்னால் வரப்போகிறது என்று ஷாக் கம்பெனிக்காரர்களிடம் சொல்லி வைத்தால், அப்போது ஸ்பிரிங்கும் வால்விங்கும் மட்டும் மாற்றினால் போதும்.

இதிலும் ஒரு கிளை உண்டு. டிராவல் என்றால் சக்கரம் ஏறி இறங்கும் தூரம். சாதாரண டிராவல் ஆர்முக்கு வண்டியில் ஏற்கெனவே இருக்கும் நீளத்து ஷாக் பொருந்தும். லாங் டிராவல் ஆர்மில் ஷாக் மாட்டும் இடமே வேறு, அதற்கென்று நீளமான ஷாக் வேண்டும். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் மாட்டமுடியாது. பழைய சாமான் விற்கும் குழுக்களில் "ராப்டர் 700 ஷாக்" என்று மட்டும் போட்டிருந்தால், எந்த ஆர்மிலிருந்து கழற்றியது என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஹவுஸர், ரோல் டிசைன், லோன்ஸ்டார் போன்ற கம்பெனிகளின் ஆர்ம்களுக்கு ஷாக் ஆர்டர் செய்யும்போதும் ஆர்மின் பெயரையும் மாடலையும் கேட்பார்கள், காரணம் இதுவே.

லாங் டிராவல் யாருக்கு? மோட்டோகிராஸில் மேசை மாதிரி மேட்டிலிருந்து பறந்து சமதளத்தில் விழுபவருக்கு. அந்த வண்டி தாழ்வாக உட்கார்ந்து, சக்கரம் நிறையக் கீழே தொங்கும்படி அமைந்திருக்கும். மணலில் அந்தத் தாழ்வு எப்போதும் உதவாது, புதர்க்கட்டை அடியில் உரசும். நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ராலியில் 2009 முதல் 2024 வரை குவாட் பிரிவு இருந்தது. மார்கோஸ் பட்ரோனெல்லி 2010, 2013, 2016-இலும், இக்னாசியோ கசாலே 2014, 2018, 2020-இலும் ஜெயித்தது யமஹாவில்தான், ராப்டர்தான் அந்தப் பிரிவையே ஆண்டது. ஆகவே 700 பாலைவனத்துக்குத் தகுதியற்றது என்று சொல்லி 450-க்கு மாறச் சொல்பவர்களை நம்பவேண்டியதில்லை. ஆனால் ராலிக்காரர் நாள் முழுவதும் ஒரே சீராகப் போகிற மாதிரி அமைக்கிறார், மோட்டோகிராஸ்காரர் சில நிமிட ஓட்டத்துக்கு அமைக்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். விடுமுறையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுபவர் முதல் பக்கம்தான்.

என் தேர்வு

700ஆர் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் நண்பர்களோடு மணலில் சுற்றுபவர் என்றால் புஷ்ஷும் பால் ஜாயின்டும் பார்த்து, இருக்கிற ஷாக்கைத் திறந்து ஸ்பிரிங்கும் வால்விங்கும் மாற்றுங்கள். பெரும்பாலோருக்குத் தேடல் அங்கேயே முடிந்துவிடும். எடை குறைவானவருக்கு ஸ்பிரிங்கூட வேண்டியிருக்காது, எண்ணெயும் நைட்ரஜனும் போதும். சாதா 700 என்றால், இன்னும் இரண்டு மூன்று சீஸன் அதே வண்டிதான் என்ற உறுதி இருந்தால் மட்டும் புது காயில் ஷாக். அடுத்த வருஷம் விற்கிற எண்ணம் இருந்தால் வேண்டாம். இங்கே வண்டி விற்கும்போது போட்ட பாகத்துக்குத் தனியாக யாரும் காசு தருவதில்லை. ஒரிஜினல் ஷாக்கைப் பத்திரமாக வைத்திருந்தால் புதியதைக் கழற்றித் தனியாக விற்றுக்கொள்ளலாம்.

சரிவில் குறுக்கே போவதுதான் உங்களுக்குப் பிரதானம், வேகமும் ஏறிவிட்டது என்றால் +2+1 சாதாரண டிராவல் ஆர்ம், அதற்கென்றே அமைத்த ஷாக், இரண்டும் ஒன்றாக. பின் ஆக்ஸிலையும் கணக்கில் வையுங்கள். ஆர்ம் பெட்டியில் நீளமான டை ராடும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) பிரேக் ஹோஸும் சேர்த்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஹோஸ் நேராக நிறுத்தினால் எட்டுகிற மாதிரிதான் தெரியும், சக்கரம் தொங்கும்போது இழுத்துக்கொள்ளும். ஹேண்டில் உதறுவதை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர் இருந்தால் நல்லது, ஆனால் அது இந்தப் பட்டியலில் கடைசி.

மாட்டிய அன்று டோவை, அதாவது முன்சக்கரங்கள் உள்பக்கம் பார்க்கின்றனவா வெளிப்பக்கம் பார்க்கின்றனவா என்பதை, நீங்களே சரிபார்க்கலாம். ஹேண்டிலை நேராகக் கட்டி வைத்து, வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்கார, இரு முன்டயர்களின் நடுக்கோட்டிலும் சாக்பீஸால் குறியிட்டு, ஆக்ஸில் உயரத்தில் முன்னாலும் பின்னாலும் அளங்கள். முன்னளவு சில மி.மீ. குறைவாக இருக்கவேண்டும். கூடுதலாக இருந்தால் நேர் ஓட்டத்தில் வண்டி அலையும். மேல் ஆர்மின் மரையில் கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவை) இரு பக்கமும் ஒரே அளவு வையுங்கள். பிறகு வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதும், ஜாக்கியால் முழுக்க மேலே ஏற்றிய நிலையிலும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஹோஸ் எங்கும் இழுபடக்கூடாது, ரிம் டை ராடில் உரசக்கூடாது. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும், வண்டியைக் கழுவும் முன்பே, மரை தளராமல் பிடிக்கும் ஜாம் நட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.